பாறைப் பிளவும் தண்ணீர்க் கணக்கும்

கீழப்பாவூரையும் பாவூர்ச்சத்திரத்தையும் சுற்றியுள்ள சிற்றூர்களிலே கோடை முதிர்ந்துவிட்டால், இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடும். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்திறங்கும் 'போர்' வண்டியின் இரைச்சலே அது. வண்டியைச் சுற்றி வெண்புழுதி கிளம்பும்; நிலத்துக்குரியவரும் அவர் வீட்டாரும் அப்புழுதியையே கண்கொட்டாமல் பார்த்து நிற்பர். புழுதி நனைந்து சேறாக வெளிவந்தால் அவர்கள் முகம் மலரும். நூறடி, இருநூறடி, ஐந்நூறடி என்று குழாய்கள் இறங்கிக்கொண்டே போயும் புழுதி புழுதியாகவே இருக்குமாயின், இன்னும் ஒரு குழாய் இறக்கச் சொல்வதா, இத்துடன் நிறுத்தச் சொல்வதா என்ற கேள்வி எழும். அடிக்கு இவ்வளவு என்று கூலி ஏறிக்கொண்டிருக்கும். அடகு வைத்த நகையும், வீட்டுப் பெண்கள் பீடி சுற்றிச் சேர்த்த பணமும் அந்த ஆறரை அங்குலத் துளைக்குள்ளே போய்க்கொண்டிருக்கும்.

ஒரு வயலில் இரண்டங்குலத் தண்ணீர் பீறிட்டடிக்கிறது. நாற்பதடி தள்ளி, தம்பி பாகத்தில் விழுந்த வயலில், அறுநூறடி துளைத்தும் ஒரு சொட்டு இல்லை. 'அவன் அதிர்ஷ்டம்' என்று கூறி விஷயத்தை முடித்துவிடுவது நம் ஜனங்களின் வழக்கம். இதனினும் கொடியது, சென்ற ஆண்டு பீறிட்ட துளை இவ்வாண்டு மாசியிலேயே காற்றை மட்டும் கக்கி ஓய்ந்துபோவது. விதியின்மீது பழிபோடுமுன், பாறைக்குள்ளே நீர் எவ்வாறு நடமாடுகிறது என்பதைச் சற்று விசாரிப்பது நலம் என்று நாம் கருதுகிறோம். இக்கேள்விக்கு விடை தேடிப் பெரும்பொருள் செலவிட்டவர்கள் உலகெங்கும் எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள். அவர்கள் கண்டறிந்த கணக்கு கீழப்பாவூர்க் குடியானவருக்கும் பொருந்துவது என்பதை நேயர்கள் காணலாம்.

குற்றாலத்தில் அருவியாய் வீழும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிச் சீவலப்பேரியருகில் தாமிரபருணியோடு கலக்கிறது. அவ்வாற்றுக் கால்களால் நிரம்பும் குளங்களின் கீழுள்ள நஞ்சைக்கு ஒருவகை வாழ்வு. கால் எட்டாத செம்மண் புஞ்சைக்கு வேறுவகை வாழ்வு. பாவூர்ச்சத்திரத்துச் சந்தைக்கு வரும் காய்கறியிற் பெரும்பகுதி கிணற்றுப் பாய்ச்சலில் விளைவது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் பெய்து உலகத்தாரெல்லாம் குளிக்கும்போது, சில மைல் கிழக்கே வெறுங்காற்றுத்தான் வீசும். இக்கிணறுகளை நிரப்புவது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மழையே. அம்மழையும் எங்கே தங்குகிறது என்பதே நம் விசாரணை.

கீழே இருப்பது மணற்பூமியன்று. 'நைஸ்' என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்ட வரிப்பாறையும், 'சார்னோகைட்' என்ற கரும்பாறையுமே இப்பக்கத்து அடித்தளம். (பின்னது கல்கத்தாவில் அடக்கமான ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லால் வந்த பெயர்; அக்கல் சென்னையை அடுத்த குன்றுகளிலிருந்து போனது. நம் மலைக்கு ஒரு வெளியூர்க் கல்லறை பெயர் கொடுத்தது விந்தையே.) கேரளத்து அச்சன்கோவில் ஆற்றின் வழியே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வரும் ஒரு பெரிய நெரிவு வலயம் செங்கோட்டை தென்காசிப் பக்கத்தில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் இப்பாறைகள் வெந்து, நெரிந்து, இழுபட்டன. பின்னர் மேலிருந்த சுமை தேய்ந்து நீங்க நீங்க, இறுகிய பாறை வெடிப்புகள் கண்டது. ஆகவே இப்பகுதியில் பாறை ஒரே கட்டியாய் இல்லை. எங்கும் ஒரே வகையாய் வெடித்தும் இல்லை.

பழைய நாளில் கிணறு வெட்டியவர்கள் இதை நன்கறிவார்கள். மேலே செம்மண், அதன்கீழ் கடப்பாரைக்கு இளகும் மக்கிய பாறை, அதற்குங்கீழ் வெடிவைத்தே பெயர்க்க வேண்டிய கெட்டிப் பாறை. கெட்டிப் பாறையில் ஓரிடத்தில் விரல் நுழையாத கீறலிலிருந்து நீர் கசியக் கண்டால் 'கண் திறந்தது' என்பார்கள். நீர் வரும் வழிக்கு 'கண்' என்ற பெயரைவிடப் பொருத்தமான பெயர் எந்தச் சாஸ்திரியும் வைத்ததாக நாம் அறியோம். கமலை இறைத்த காலத்தில் மாடுகள் இளைப்பாறும் நேரத்தில் கிணறும் ஊறிக்கொள்ளும். கண் தருவதற்குமேல் எடுக்க மாட்டுக்கு வலுவில்லை. மோட்டார் வந்த பிறகே கண்ணின் வலுவை அளக்கவேண்டிய அவசியம் நேர்ந்தது.

நீர் ஊடுருவுவதை முதன்முதல் முறையாக அளந்தவர் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சு எஞ்சினியர். டிஜான் நகரத்துக் குடிநீர் ஏற்பாட்டைப்பற்றி 1856-இல் அவர் வெளியிட்ட நூலில், மணல் நிரப்பிய குழாயின் வழியே நீர் செல்லும் வேகத்துக்கு ஒரு விதி கூறினார். ஒரு பொருள் தன்னூடே நீரையோ எண்ணெயையோ செல்லவிடும் இயல்புக்கு ஊடுருவு திறன் என்று பெயர். அதன் அளவைக்கு இன்றும் 'டார்சி' என்றே பெயர். அதில் ஆயிரத்தொரு பங்கு மில்லிடார்சி. மணலில் இக்கணக்கு நேரானது. ஒரு பிடி மணலை அளந்தால் ஒரு வயலின் மணலை அளந்ததாகும். பாறையில் அப்படியில்லை. வெடிப்பில்லாத நைஸ் துண்டொன்றைப் பரிசோதனைச் சாலையில் வைத்து அளந்தால் ஒரு மில்லிடார்சியின் ஆயிரத்தொரு பங்குகூடக் கிட்டாது. அதை நம்பினால் கீழப்பாவூரில் கிணறே இருக்க முடியாது.

நீர் செல்வது பாறை வழியே அன்று, பிளவு வழியே. பிளவில் செல்லும் நீரின் அளவு, பிளவின் அகலத்தைப் பொறுத்து மும்மடிப் பெருக்கமாய் ஏறும். அகலம் இருமடங்கானால் நீர் எட்டு மடங்கு. பத்து மடங்கானால் நீர் ஆயிரம் மடங்கு. எழுதும் காகிதத்தின் கனமுள்ள, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள பிளவு ஒரு மீட்டருக்கு ஒன்றுவீதம் பாறையில் இருப்பதாகக் கொள்வோம். அந்தப் பாறைத் தொகுதியின் ஊடுருவு திறன் ஏறக்குறைய 84 மில்லிடார்சி. எண்ணெய்க்காரர்கள் நல்ல மணற்பாறை என்று மகிழும் அளவு அது! இவ்வளவும் ஒரு காகிதக் கனத்துக் கீறலால்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பத்துப் பிளவுகளில் ஒன்பது 0.1 மில்லிமீட்டரும் ஒன்று மட்டும் 0.5 மில்லிமீட்டரும் அகலமுடையன என்று வைத்துக்கொள்வோம். சிறு பிளவு ஒன்றில் ஒரு பங்கு நீர் செல்லுமானால், ஒன்பதிலும் சேர்ந்து ஒன்பது பங்கு. பெரிய பிளவு ஒன்றில் மட்டும் 125 பங்கு. மொத்தம் 134 பங்கில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று வீதம் ஒரே கண்ணில் வருகிறது. சராசரி பார்ப்பவர் 0.14 மில்லிமீட்டர் என்று எடுத்துக் கணக்கிட்டால் 27 பங்குதான் வரும் என்று எழுதிவைப்பார். உண்மையில் வருவது ஏறத்தாழ ஐந்து மடங்கு. அண்ணன் துளை அந்த ஒரு கண்ணைத் தொட்டது. தம்பி துளை மற்ற ஒன்பதில் இரண்டையோ மூன்றையோ தொட்டது. நாற்பதடி தூரத்தில் நேர்ந்த பேதத்துக்குக் காரணம் இதுவே.

இனி, ஏமாற்றத்தின் மூலத்துக்கு வருவோம். மேலே கூறிய 84 மில்லிடார்சிப் பாறையில் ஒரு கன மீட்டருக்குள் எவ்வளவு நீர் இருக்கும்? ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம், காகிதக் கனம். பெருக்கிப் பார்த்தால் நூறு மில்லிலிட்டர். ஓர் ஆழாக்குக்கும் குறைவு. ஏராளமாய் ஓடவிடும் பாறை, சேர்த்து வைத்திருப்பது ஆழாக்குத் தண்ணீர். ஓடவிடும் திறன் வேறு, தாங்கிவைக்கும் திறன் வேறு. முதல் நாள் துளையிலிருந்து சீறிய இரண்டங்குலத் தண்ணீர் முதலாவதற்குச் சாட்சியேயன்றி இரண்டாவதற்குச் சாட்சியன்று. அந்தச் சீற்றத்தைக் கண்டு தென்னங்கன்று வைத்தவரும் கடன் வாங்கியவரும் இந்த வேற்றுமையை அறியாமற்போனதாலேயே கெட்டனர்.

அறிந்தவர்கள் கெடவில்லையா என்று கேட்கலாம். கெட்டதுண்டு. பாரசீகத்தில் மஸ்ஜித்-இ-சுலைமான் என்ற இடத்தில் 1908-இல் எண்ணெய் பீறிட்டது அஸ்மாரி என்னும் சுண்ணாம்புப் பாறையில். பாறைத் துண்டை அளந்தால் திறன் சொற்பம். கிணறோ வெள்ளமாய்ப் பொழிந்தது. ஒரு கிணற்றில் எடுத்தால் மைல்கள் தள்ளியிருந்த கிணற்றிலும் அழுத்தம் குறைந்தது. பிளவுகள் ஒன்றோடொன்று தொடர்புகொண்டு வாய்க்காலாகவும், இடையிலுள்ள பாறைக் கட்டிகள் எண்ணெயை மெல்லக் கசியவிடும் குளமாகவும் இருக்கின்றன என்ற கருத்து இத்தகைய அனுபவங்களால் வலுப்பட்டது. 1960-இல் ருஷியாவில் பாரன்பிளாட்டும் அவருடைய சகாக்களும், 1963-இல் அமெரிக்காவில் வாரன், ரூட் என்ற இருவரும் இதைக் கணிதத்தில் வடித்தனர். கிணற்றின் அழுத்தம் முதலில் வேகமாய் இறங்கும். அது பிளவு காலியாவது. பிறகு சற்று நேரம் இறங்காமல் நிற்கும். அது கட்டிகள் கசிந்து ஈடுசெய்வது. அப்புறம் இரண்டும் சேர்ந்து இறங்கும். இம்மூன்று கட்டங்களையும் பார்க்குமுன் சோதனையை நிறுத்தியவன் பிளவை மட்டும் அளந்தவனாவான்.

சுண்ணாம்புப் பாறையிலாவது கட்டிக்குள் கொஞ்சம் இருப்பு உண்டு. நம்முடையதுபோன்ற கருங்கல்லில் கட்டி கொடுப்பது மிகச் சிறிது. ஆயினும் வியட்நாம் கடலில் பாக் ஹோ என்ற வயலில் 1988 முதல் கருங்கல் அடித்தளத்திலிருந்தே எண்ணெய் பெருகியது; பாறை ஆங்காங்கு இரசாயன மாறுதலால் பொத்தல் பொத்தலாய்ப் போயிருந்தது அங்கே வாய்த்த நன்மை. நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. காவிரிப் படுகையில் மாதானத்தில் அடித்தளப் பாறையின் பிளவுகளிலே எண்ணெயும் வாயுவும் கண்டனர். அதே படுகையின் கடற்பகுதியில், பி.ஒய்.-1 எனப்படும் வயலில், 2009-ஆம் ஆண்டின் இறுதியில் பிளவுண்ட கருங்கல்லிலிருந்து எரிவாயு எடுக்கத் தொடங்கினர். கடலில் மேடையும் கரைக்குக் குழாயும் அமைத்துப் பெரும்பொருள் போட்ட பிறகு, எதிர்பார்த்த அளவு வாயு நெடுநாள் நிற்கவில்லை. இருப்பின் மதிப்பைப் பின்னர்க் குறைத்தெழுத நேர்ந்தது. நிபுணர்களும் யந்திரங்களும் சூழ்ந்த இடத்திலேயே இப்படியென்றால், ஒரு குடியானவர் தம் ஒற்றைத் துளையில் ஏமாறுவதைப் பரிகசிக்க யாருக்கும் உரிமையில்லை.

நிபுணர்கள் தடுமாறுவதற்குக் காரணங்கள் பல. துளையிலிருந்து உருளையாய் எடுக்கும் பாறைத் துண்டில் நன்றாய் வெடித்த பகுதிதான் நொறுங்கித் தொலைகிறது. முழுசாய் மேலே வந்து பெட்டியில் அடுக்கப்படுவது வெடிக்காத பகுதி. பிளவைத் தேடுபவனிடம் பிளவில்லாத பாறை சேருகிறது! துளையின் சுவரைப் படமெடுத்துக் கீறல்களை எண்ணலாம். ஆனால் அவை சில அடி தள்ளி எங்கே முடிகின்றன, களிமண்ணும் கற்பூச்சும் அடைத்துக்கொண்டவை எத்தனை என்பதைச் சுவர் சொல்லாது. இன்னுமொன்று: வாயுவையோ எண்ணெயையோ எடுக்க எடுக்க உள்ளழுத்தம் குறைந்து மேற்பாறையின் சுமை பிளவுகளை நெருக்கும். அகலம் பாதியானால் ஓட்டம் எட்டிலொன்று என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆழம் போகப் போகப் பிளவுகள் அருகிவிடுவதற்கும் இந்தச் சுமை ஒரு காரணம். கெட்டிப் பாறையில் பயனுள்ள கண்கள் பெரும்பாலும் மேல் முந்நூறு அடிக்குள் அடங்கிவிடும். அதற்குமேல் ஆயிரம் அடிவரை துளைப்பவர், கிட்டும் வாய்ப்பு குறையக் குறையக் கூலியை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறார் என்பது நமது அபிப்பிராயம்.

நீரோட்டம் பார்ப்பவர்களைப் பற்றிக் கேட்கவேண்டா. உள்ளங்கையில் தேங்காய் நிமிர்வதையும் வேப்பங்குச்சி வளைவதையும் நம்பி இடம் குறிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பலித்த இடங்கள் ஊர் முழுதும் பேசப்படும். பலிக்காத துளைகள் மேல் ஒரு கல்லைப் போட்டு மூடப்படும். மின்சாரத்தைப் பூமியில் செலுத்தித் தடையளந்து இடம் காட்டும் முறை அதைவிட மேலானது. எனினும் களிமண் அடைத்த பிளவும் நீர் நிறைந்த பிளவும் அந்த யந்திரத்துக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும்.

கிணற்றையே பேசவைப்பதுதான் இவற்றுக்கெல்லாம் மேற்பட்ட வழி. இதற்கு யந்திரம் வேண்டா. கயிறும் கடிகாரமும் போதும். எட்டு மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் என்பது ஐம்பதினாயிரம் லிட்டர். வினாடிக்குப் பத்து லிட்டர் இறைக்கும் மோட்டார் அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் இறைத்துவிடும். இறைத்தது முழுதும் கிணறு தொட்டிபோல் வைத்திருந்த நீரே. கண்ணின் வலுவைப்பற்றி அது ஒன்றும் கூறவில்லை. பெருவிட்டக் கிணற்றின் இந்த மயக்கத்தை நீக்கிக் கணக்கிடும் முறையைப் பாபடோபுலஸ், கூப்பர் என்ற நிபுணர்கள் 1967-இல் வகுத்தனர். அக்கணிதம் நமக்கு வேண்டுவதில்லை. மோட்டாரை நிறுத்தியதும் நீர்மட்டத்தைக் கிணற்றுச் சுவரில் குறித்துக்கொண்டு, மணிக்கு மணி ஏறுவதைப் பார்த்தாலே போதும். மணிக்குப் பத்து சென்டிமீட்டர் ஏறினால் ஊறுவது ஐயாயிரம் லிட்டர். மோட்டார் இறைப்பது மணிக்கு முப்பத்தாறாயிரம். ஏழு மணி நேரம் ஊறினால் ஒரு மணி நேரம் இறைக்கலாம் என்று கிணறே சொல்லிவிடுகிறது. முதல் மணியில் பத்து சென்டிமீட்டர் ஏறி, மறுமணியில் நான்காய்ச் சுருங்குமானால், அருகிலுள்ள பிளவுகள் நிரம்பியும் தொலைவிலிருந்து வரத்து இல்லை என்று சந்தேகிக்கலாம். தை, மாசி, பங்குனி என மாதம் ஒருமுறை இவ்வாறு குறித்துவைத்தவர், எத்தனை சென்ட் வெண்டை வைக்கலாம் என்பதை ஜோசியரிடம் கேட்கவேண்டியதில்லை.

ஆழ்துளைக்கும் இதே பரிசோதனையைச் செய்யலாம். ஆனால் வண்டிக்காரர் காற்றை ஊதி அரைமணி நேரம் காட்டும் வேடிக்கை பரிசோதனையாகாது. ஒரு முழுநாள் இறைத்து, மறுநாள் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே குழாயும் மோட்டாரும் வாங்குவது நலம். புதுத் துளை போடுமுன், இருக்கும் கிணற்றுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் துளையிடும் வழக்கத்தையும் நாம் சிபாரிசு செய்வோம். செங்குத்தான பிளவுகளுக்கு இடையே செங்குத்தாக இறங்கும் துளை ஒன்றையும் தொடாமலே போய்விடலாம். குறுக்கே செல்லும் துளை பலவற்றை வெட்டும். எண்ணெய்க்காரர்கள் பெருஞ்செலவில் துளையைச் சாய்த்து வளைத்துக்கொண்டு போவதும் இதற்காகவே.

சர்க்கார் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூனியன் வாரியாகவும் பிர்க்கா வாரியாகவும் நிலத்தடி நீர் இவ்வளவு என்று மதிப்பிடும் முறை 1997-இல் வகுக்கப்பட்டு 2015-இல் திருத்தப்பட்டது. களிமண் குறைந்த மக்கிய நைஸ் பாறை தன்னிடமுள்ள நீரில் விட்டுக்கொடுப்பது பாறையின் கன அளவில் நூற்றுக்கு மூன்று பங்கு என்றும், பிளவு குறைந்த கெட்டிப் பாறையில் நூற்றுக்கு 0.3 பங்கு என்றும் 1997-ஆம் ஆண்டு முறை கூறுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை வயலில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு ஏக்கர் நிலத்தின் கீழ் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், மக்கிய பாறையில் கிடைப்பது ஒரு லட்சத்து இருபதினாயிரம் லிட்டர். கெட்டிப் பாறையில் பன்னிரண்டாயிரம். பின்னது முன்கூறிய மோட்டாருக்கு இருபது நிமிஷ வேலை. அந்த ஏக்கருக்கு இரண்டங்குல ஆழம் ஒரு தண்ணீர் கட்டவே இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். கோடையில் மட்டம் மக்கிய பாறையைக் கடந்து கெட்டிப் பாறைக்குள் இறங்கிவிட்ட நாளிலிருந்து, அதுவரை மாதத்துக்கு ஓரடி இறங்கிய கிணறு மூன்று நாளுக்கு ஓரடி இறங்குவதன் மர்மம் இதுவே. யூனியன் முழுதுக்கும் ஒரு சராசரி எண் எழுதி, அதன்மேல் 'அபாயமில்லை' என்றோ 'அபாயம்' என்றோ முத்திரை குத்துவதால் தனிக் குடியானவருக்குப் பிரயோஜனம் மிகக் குறைவு. இதைக் கணக்கெழுதும் அதிகாரிகளும் அறிவர். தனித்தனித் துளைகளின் விவரம் அவர்களிடம் இல்லாமையால் சராசரியை நம்புகிறார்கள்.

அவ்விவரம் எங்கே இருக்கிறது? 1967-ஆம் ஆண்டுப் பஞ்சத்தையொட்டி யூனிசெப் ஸ்தாபனம் கெட்டிப் பாறையைத் துளைக்கும் யந்திரங்களை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது முதல், தமிழ்நாட்டுப் பாறையில் விழுந்த துளைகள் எண்ணிலடங்கா. ஒவ்வொரு துளையும் ஒரு பரிசோதனை. அதுவும் குடியானவர் தம் பணத்தில் நடத்திய பரிசோதனை. எத்தனையாவது அடியில் மக்கிய பாறை முடிந்தது, எத்தனையாவது அடியில் புழுதி நனைந்தது, கண் ஒன்றா இரண்டா, எவ்வளவு தண்ணீர், அடுத்த கோடையில் மட்டம் எங்கே நின்றது — கீழப்பாவூர் யூனியன் ஒன்றின் துளைகளுக்கு மட்டும் இந்த ஐந்து குறிப்புகளும் ஓரிடத்தில் இருக்குமாயின், பிளவுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைப் படமாய் வரைந்து விடலாம். அண்ணன் வயலுக்கும் தம்பி வயலுக்கும் உள்ள பேதம் துளைபோடுமுன்பே ஓரளவு தெரிந்துவிடும்.

நிலத்தடி நீருக்கென்று 2003-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றிற்று; சரிவரச் செயலுக்கு வராமலே 2013-இல் அது நீக்கப்பட்டது. துளை போடுவதற்கு ஊராட்சியில் அனுமதி பெறவேண்டும் என்ற விதி இப்போது உண்டு; மூடாத துளைகளில் குழந்தைகள் விழுந்து மாண்ட துயரங்களுக்குப் பின் வந்த விதி அது. அந்த அனுமதிப் படிவத்தின் மறுபக்கத்தில், வேலை முடிந்ததும் வண்டிக்காரரே நிரப்பித் தரவேண்டிய ஐந்து வரிகளைச் சேர்த்து, படிவத்தை ஊராட்சி அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி வைப்பதற்குப் புதுச் சட்டமோ பெருஞ்செலவோ வேண்டா. இப்போது அந்தக் குறிப்பு வண்டிக்காரர் அடிக்கணக்கு எழுதும் சிட்டையில் மட்டும் இருக்கிறது. கூலி பைசலானதும் அந்தத் தாளுக்கு வேலையில்லை.